உப்பும் செல்லா, துளிர்க்கும் செல்லா?

போன மாதம் ஒரு பேண்ட் தைக்கக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாக ஒரே தையல்காரர். என் பழைய அளவுகள் எல்லாம் அவருடைய நீள நோட்டில் இருக்கின்றன. நாடாவைச் சுற்றி இழுத்துப் பார்த்தவர், "இடுப்பு இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது சார். தொடை அப்படியே, முதல் தடவை எழுதிய அளவுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ஏறியதில் பாதியாவது தொடைக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கடை வாசலில் நின்றுகொண்டு அவருக்கு எப்படி விளக்குவது? அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சாப்பிட்டதில் செலவாகாமல் மிஞ்சுவது கொழுப்பாகி எங்காவது தங்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்கக் கொழுப்புத் திசுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே உள்ள கொழுப்புச் செல்கள் மேலும் உப்பலாம். அல்லது, திசுவுக்குள் பதுங்கியிருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், துளிர்த்துப் புதிய கொழுப்புச் செல்களாகலாம். தையல்காரர் கணக்கில் முதலாவது, தையலைப் பிரித்து உள்ளே மடித்திருக்கும் துணியை வெளியே விடுவது. இரண்டாவது, புதுத் துணி வைத்துத் தைப்பது. பிரித்து விடுவது சுலபம், பத்து நிமிட வேலை. ஆனால் உள்ளே விட்ட துணி தீர்ந்துவிட்டால் அதோடு சரி.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் பெரும்பாலோர், "புதிதாகக் கொழுப்புச் செல் முளைப்பதுதான் கெடுதல், வந்தால் போகாது" என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதில் 'வந்தால் போகாது' என்பது ஏறக்குறைய உண்மை. 'கெடுதல்' என்பதுதான் இடிக்கிறது.

முதலில் இந்த இரண்டு வகைச் செல்களையும் கண்ணால் பார்த்துவிடலாம். 1964-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்த மார்ட்டின் ராட்பெல் ஒரு எளிய உத்தியைக் கொண்டுவந்தார். எலியின் கொழுப்பை நறுக்கி, கொலாஜினேஸ் என்ற நொதி கலந்த நீரில் இளஞ்சூட்டில் ஊறவைத்தார். செல்களைக் கட்டிவைத்திருந்த நார்கள் கரைந்தன. பிறகு குழாயைச் சுழற்றினார். குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வருவதுபோலக் கொழுப்புச் செல்கள் வெண்ணிறப் படலமாக மேலே மிதந்தன. அடியில் சிவந்த சிறு படிவு ஒன்று தங்கியது. ராட்பெல்லுக்கு வேண்டியது மேலே மிதந்தது. (1994-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு, செல்களுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதங்களுக்காக.) நம் கதைக்கு வேண்டியது அடியில் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், அவற்றோடு கலந்து குருத்தணுக்கள். முதிர்ந்த கொழுப்புச் செல் பிளந்து இரண்டு செல்களாவதில்லை. ஆகவே எந்தப் புதிய கொழுப்புச் செல்லும் அந்தச் சிவப்புப் படிவின் வம்சமாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் படிவுக்கு மவுசு வந்தது 2001-இல். கலிபோர்னியாவில் பட்ரீசியா சுக்கும் உடன் ஆய்ந்தவர்களும், அழகுக்காக உறிஞ்சியெடுத்துக் கொட்டிவிடும் கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள் எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு என்று பல பக்கம் திரும்பக்கூடியவை என்று காட்டினார்கள். உலகம் உடனே எலும்பையும் மூட்டையும் பார்த்து ஓடியது. அந்தச் செல்கள் தம் சொந்த வீட்டில் என்ன செய்கின்றன என்ற கேள்வி சற்றுப் பின்தங்கியது. 2008-இல் இரண்டு குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. டாலஸில் ஜொனாதன் கிராஃப் குழு, எலிகளில் கொழுப்பின் முன்னோடிச் செல்கள் திசுவின் ரத்தக்குழாய்ச் சுவரையொட்டியே குடியிருக்கின்றன என்றது. நியூயார்க்கில், பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வகம், மேற்பரப்பு அடையாளங்களை வைத்து அந்தச் செல்களைப் பொறுக்கியெடுத்து, கொழுப்பே இல்லாமல் வளர்க்கப்பட்ட சர்க்கரை நோய் எலிகளுக்குள் செலுத்தியது. அங்கே ஒரு கொழுப்புத் திண்டு உருவானது. எலிகளின் சர்க்கரையும் இறங்கியது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். கொழுப்பு வளர்ந்தது, சர்க்கரை குறைந்தது.

இனி உப்பும் செல்லின் பக்கம். முதிர்ந்த கொழுப்புச் செல் என்பது ஒரே ஒரு எண்ணெய்த் துளி. உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மோதிரத்தில் கல் பதித்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே பிடிக்கும் எண்ணெய் எட்டு மடங்கு. அதனால்தான் உடம்புக்கு இந்த வழி அவ்வளவு வசதி. எந்தப் புது ஏற்பாடும் வேண்டாம், இன்று விருந்து சாப்பிட்டால் இன்றே இடம் கிடைக்கும். பண்டிகைக்குப் பண்டிகை ஏறி இறங்கும் ஒன்றிரண்டு கிலோவுக்கு இதுவே பொருத்தமான வழியும்கூட.

தொல்லை, ஏறியது இறங்காதபோது தொடங்குகிறது. பெரிய கொழுப்புச் செல் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம் வரை போகும். ரத்தக்குழாயிலிருந்து ஆக்ஸிஜன் கசிந்து செல்லக்கூடிய தூரத்தை அது நெருங்குகிறது, தாண்டவும் தாண்டுகிறது. சுற்றியுள்ள நார்கள் இறுகுகின்றன. இன்சுலின் வந்து "கொழுப்பை வெளியே விடாதே" என்று சொல்வது உப்பிய செல்லின் காதில் சரியாக விழுவதில்லை. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கசிந்து ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகின்றன. கடைசியில் சில செல்கள் செத்தும் போகின்றன. 2005-இல் இத்தாலியின் சவேரியோ சிந்தி குழு நுண்ணோக்கியில் காட்டிய காட்சி இது: செத்த கொழுப்புச் செல் ஒவ்வொன்றையும் சுற்றி, கிரீடம் வைத்ததுபோல வட்டமாக மேக்ரோஃபேஜ் என்ற, கழிவை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் மொய்த்துக்கொண்டு எண்ணெயைத் துப்புரவு செய்கின்றன. பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் பிணத்தைச் சுற்றி நிற்பவைதாம். 'மெல்லிய அழற்சி' என்று மருத்துவர்கள் சொல்வதன் நேரடித் தோற்றம் அது.

துளிர்க்கும் வழி மெதுவானது. குருத்தணு முதலில் கொழுப்பின் பக்கம் போவதென்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு பிஎம்பி-4 என்ற புரதம் போன்ற சமிக்ஞைகள் வேண்டும். பிறகு பிபார்-காமா என்ற புரதம் உட்கருவில் அமர்ந்து கொழுப்புச் செல்லுக்கான மரபணுக்களைத் திறந்துவிட வேண்டும். 2019-இல் பென்சில்வேனியாவில் பேட்ரிக் சீல் குழு இந்த வரிசையைத் தெளிவாக்கியது: கொழுப்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய இணைப்புத் திசுவில் தாய்ச் செல்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து இரண்டாம் நிலைச் செல்கள் வருகின்றன, அவற்றிலிருந்துதான் கொழுப்புச் செல். அதற்கு முந்தைய வருடம் சுவிட்சர்லாந்தின் லோசானில் பார்ட் டெப்லாங்க் குழு இன்னொரு வேடிக்கையைக் கண்டது. முன்னோடிச் செல்களிலேயே ஒரு வகை, தானும் கொழுப்பாகாமல் பக்கத்துச் செல்லையும் ஆகவிடாமல் தடுக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் எந்தச் செலவுக்கும் "இப்போது வேண்டாம்" என்று சொல்ல ஒரு பெரியவர் இருப்பாரே, அதுபோல.

சரி, மனிதனுக்குள் இந்தத் துளிர்ப்பு உண்மையில் நடக்கிறதா? வயது வந்தவருக்கு அடையாளச் சாயம் ஏற்றி வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஸ்டாக்ஹோமில் கர்ஸ்டி ஸ்பால்டிங், யோனாஸ் ஃப்ரிசென், பீட்டர் ஆர்னர் ஆகியோர் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. 1955-க்கும் 1963-க்கும் இடையில் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. 1963-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது வருடா வருடம் இறங்கிவந்தது. செடி அந்தக் கார்பனை எடுத்தது, செடியை ஆடும் மாடும் தின்றன, நாம் எல்லாவற்றையும் தின்றோம். செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த வருடத்துக் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது. குண்டுகளுக்கு வெகு காலம் முன்பே பிறந்தவர்களின் கொழுப்புச் செல்களிலும் குண்டுக் கார்பன் இருந்தது. அப்படியானால் அந்தச் செல்கள் அவர்கள் பெரியவர்களான பிறகு பிறந்தவை. 2008-இல் அவர்கள் சொன்ன கணக்கு: ஒல்லியோ பருமனோ, வருடத்துக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் செத்து, அதே அளவு புதியவை வருகின்றன. மொத்த எண்ணிக்கை மட்டும் பெரியவர்களிடம் அநேகமாக மாறுவதில்லை. இரைப்பைச் சுருக்க அறுவை சிகிச்சை செய்து வெகுவாக மெலிந்தவர்களிடமும் செல்கள் சுருங்கினவே தவிர, எண்ணிக்கை குறையவில்லை. 'வந்தால் போகாது' என்பது இதுதான்.

இதே குழுதான் 2010-இல் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. சிலருக்குக் கொழுப்பு, எண்ணிக்கையில் குறைந்த பெரிய செல்களில் இருக்கிறது. சிலருக்கு நிறையச் சிறிய செல்களில். பெரிய செல்காரர்களிடம் வருடந்தோறும் புதிதாகப் பிறக்கும் செல்கள், சிறிய செல்காரர்களைவிட 70 சதவீதம் குறைவு. ஆக, உப்புவது தனியான குணம் என்பதைவிடத் துளிர்க்காததன் விளைவு என்று சொல்வதே பொருந்தும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் சர்க்கரை நோயும் இந்தப் பெரிய செல்காரர்களின் பக்கமே சாய்கின்றன. சர்க்கரை நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களிடம், தமக்கு நோய் இல்லாதபோதே கொழுப்புச் செல்கள் பெரிதாக இருப்பதை ஸ்வீடனின் உல்ஃப் ஸ்மித் குழு பார்த்திருக்கிறது.

இப்போது தொடைக்கு வருகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் மைக்கேல் ஜென்சன் குழு, ஒல்லியான 28 பேருக்கு எட்டு வாரம் வேண்டுமென்றே அதிகமாக உணவு கொடுத்தது. (ஐஸ்கிரீம் ஷேக்கும் சாக்லேட் பாரும் ஆராய்ச்சிச் செலவில். கொடுத்துவைத்தவர்கள்.) 2010-இல் முடிவு வெளிவந்தது. வயிற்றுத் தோலடியில் இருந்த செல்கள் உப்பின. தொடையிலோ செல்கள் பெருகின: உடலின் கீழ்ப்பாதியில் வெறும் 1.6 கிலோ கொழுப்பு ஏறியதற்குச் சுமார் 260 கோடிப் புதிய செல்கள். எண்ணிக்கை மாறுவதில்லை என்று ஸ்டாக்ஹோம் சொன்னதோடு இது முரண்படுகிறதே என்று கேட்கலாம். ஸ்டாக்ஹோமின் கார்பன் கணக்கு பெரும்பாலும் வயிற்றுத் தோலடியிலிருந்து எடுத்த திசுவை வைத்துப் போட்டது. இரண்டு குழுக்களும் இரண்டு வேறு வயல்களில் அறுத்தவை. வயிறு உப்புகிற வயல், தொடை துளிர்க்கிற வயல். இடுப்பெலும்புக்குக் கீழே பருத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருவது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. காரணத்தின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

துளிர்ப்பின் பக்கம் மேலும் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. முதலாவது, பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாதவர்கள். பார்க்க உடற்பயிற்சிக் கூடத்து ஆள்போல நரம்பும் தசையுமாக இருப்பார்கள். ஈரல் முழுக்கக் கொழுப்பும் கடுமையான சர்க்கரை நோயும் இருக்கும். இரண்டாவது, 2007-இல் ஃபிலிப் ஷெரர் ஆய்வகத்து எலிகள். லெப்டின் இல்லாத எலிக்கு அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டியபோது அது இன்னும் பூதாகரமாகப் பருத்தது, சர்க்கரை மட்டும் சீரானது, பெருத்ததெல்லாம் தோலடியில். மூன்றாவது சாட்சி நம் மருந்துக் கடையிலேயே இருக்கிறது. பையோகிளிட்டசோன் மாத்திரை நேராக அந்த பிபார்-காமாவைத் தூண்டுகிறது. சர்க்கரை இறங்கும், எடை ஏறும். ஏறுவது பெரும்பாலும் தோலடியில். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையவும் செய்யும். "டாக்டர், சர்க்கரை நன்றாக இருக்கிறது, ஆனால் எடை போட்டுவிட்டேன்" என்று அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைப்படும்போது, அவர்கள் தம் குருத்தணுக்கள் துளிர்த்த செய்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஓசியில் எதுவும் வராது என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் நீர் கோத்தல், இதயச் செயலிழப்பு, எலும்பு முறிவு என்று அந்த மருந்துக்கு வேறு கணக்குகள் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய ஐயத்தால் 2013 ஜூனில் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டு, ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பி வந்தது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு துளிர்ப்புக்கே வெற்றி என்று தீர்ப்பெழுதிவிட ஆசைதான். எலிகள் விடுவதில்லை. ஷெரர் குழு 2013-இல், எலியின் ஒவ்வொரு பழைய கொழுப்புச் செல்லையும் நிறம் ஏற்றி அடையாளமிட்டு, கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்தது. தோலடிக் கொழுப்பு பெரும்பாலும் உப்பியது. வயிற்றுக்குள், விரைப்பையோடு ஒட்டிய கொழுப்புதான் ஒரு மாதத்துக்குப் பின் துளிர்த்தது. மனிதத் தொடைக்கு நேர்மாறு. அந்த எலிக் கொழுப்புத் திண்டுக்கு இணையான உறுப்பு மனித ஆணுக்கு இல்லை என்பதால், இதில் நான் மேயோவின் 28 பேரையே நம்புகிறேன். ஆனாலும் 'துளிர்ப்பு நல்லது' என்பதோடு 'எங்கே' என்ற கேள்வியைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்று எலி கற்றுக்கொடுத்துவிட்டது.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நின்றால் போதும். ஆட்டின் வயிற்றைத் திறந்ததும் குடல்மேல் பூவேலை செய்த வலைத்துணிபோல ஒரு வெள்ளைத் திரை விரிந்திருக்கும். நமக்கும் அதுவே. மனிதரிடம் அந்தத் திரையிலிருந்து எடுத்த முன்னோடிச் செல்கள், தட்டில் வளர்த்தால், தோலடிச் செல்கள் அளவுக்குச் சுறுசுறுப்பாகக் கொழுப்பாவதில்லை. அந்தக் கொழுப்பின் ரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது என்பதால் பழியெல்லாம் அதன்மேல் போடுவது வழக்கம். ஆனால் ஈரலுக்கு வந்து சேரும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு தோலடியிலிருந்து புறப்பட்டதுதான். எனக்குத் தோன்றுவது: தொப்பை பெரும்பாலும் குற்றவாளி அல்ல, சாட்சி. தோலடி நிரம்பி வழிந்தது என்பதற்கு அது சாட்சி.

நம் ஊர் உடம்புக்கு இந்த வழிசல் சீக்கிரமே நடக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படம் புகழ்பெற்றது. புனேவின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) இருவருக்கும் அதே 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. கனடாவில் தெற்காசியரையும் ஐரோப்பிய வம்சத்தவரையும் ஒப்பிட்ட ஆய்வில் தெற்காசியரின் கொழுப்புச் செல்கள் பெரிதாகவும் ஈரலில் கொழுப்பு அதிகமாகவும் இருந்தன. உள்ளே விட்ட துணி நமக்குக் குறைவு போலும்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால்? செயின்ட் லூயிஸில் சாமுவேல் க்ளைன் குழு பருமனான 15 பெண்களிடம் வயிற்றுத் தோலடியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ வரை எடுத்துவிட்டுப் பார்த்தது. 2004-இல் வந்த முடிவு: இன்சுலின், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதுவும் தேறவில்லை. எஞ்சிய செல்கள் உப்பியபடியே இருந்தன, உள்திரையை யாரும் தொடவில்லை. அதே குருத்தணுக்களை எடுத்து ஊசியில் ஏற்றினால் மூட்டும் கண்ணும் புதுப்பிக்கப்படும் என்னும் விளம்பரங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: 2015-இல் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் பணம் கட்டி இரண்டு கண்ணிலும் அந்த ஊசி போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார்கள். தன் வீட்டில் கொழுப்பைப் புதுப்பிக்கத் தெரிந்த செல், இடம் மாறினால் விழித்திரையைப் பழுதுபார்க்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

என் இரண்டு அங்குலத்துக்கு வேறொரு விளக்கமும் வந்திருக்கிறது, அது என் கட்சிக்குச் சாதகமானதல்ல. 2025-இல் சயன்ஸ் இதழில் கலிபோர்னியாவிலிருந்து வந்த எலி ஆய்வு: உடம்பில் மற்ற குருத்தணுக்கள் வயதாக ஆகச் சோரும்போது, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பில் மட்டும் நடுவயதில் புதுவகை முன்னோடிச் செல்கள் தோன்றி மும்முரமாகக் கொழுப்புச் செல்களைப் பிறப்பிக்கின்றனவாம். அதே வகைச் செல்கள் நடுவயது மனிதர்களிடமும் இருக்கின்றனவாம். ஐம்பதை நெருங்கும் என் இடுப்பில் ஏறியது, துளிர்க்காமல் உப்பியதா, துளிர்க்கக் கூடாத இடத்தில் துளிர்த்ததா என்று நாடா சொல்லாது.

பேண்ட் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பின்தையலில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே மடித்து விட்டிருந்தார். தொடையில் அரை அங்குலம்கூட இல்லை.